நிற்கச் சொன்ன இடத்தில் நான் துரத்திக்கொண்டிருந்தேன்

ஆவிக்குரிய போராட்டம் என்றால் நள்ளிரவில் எழுந்து பிசாசைச் சத்தம்போட்டுக் கடிந்துகொள்வதுதான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு 11 மாதம் தனியாக அல்லாடினேன். தூக்கம் போனது, சேமிப்பு கரைந்தது, வீட்டில் இருந்தவர்களோடு பேச்சே நின்றுபோனது. அந்த மாதங்களில் முக்கால்வாசி வேண்டாத அலைச்சல் என்று பிற்பாடுதான் தெரிந்தது. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பவுல் அப்போஸ்தலன் எபேசு சபைக்கு எழுதிய கடிதமான எபேசியரின் 6-ம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துக் காட்டியிருந்தால் போதும். அதனால் என் கதையைச் சுருக்கிக்கொண்டு, இந்தப் போராட்டம் எந்த வரிசையில் வருகிறது, எங்கே கால் வழுக்குகிறது, அந்த இடத்தில் வேதம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வந்தது பயங்கரமான எதுவும் இல்லை. ஒரு எண்ணம், அவ்வளவுதான். "நீ ஜெபிக்கிறது யாருக்கும் கேட்கவில்லை." சில நாள் கழித்து, "உன்னைப்போல ஒருவனைத் தேவன் எப்படி ஏற்றுக்கொள்வார்?" இது அந்நியக் குரலாக வந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பேன். என் சொந்த யோசனைபோலவே வந்ததால் நம்பிவிட்டேன். வேதம் பிசாசுக்குக் கொடுக்கும் பெயர்களைக் கவனித்திருந்தால் அப்போதே விழித்திருக்கலாம். பிசாசு என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்கு அவதூறு பேசுகிறவன் என்று பொருள். சாத்தான் என்ற எபிரெயச் சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன் என்று பொருள். 1 பேதுரு 5:8-ல் "எதிராளி" என்று வருவது வழக்கில் எதிர்த்தரப்பைக் குறிக்கும் சொல். வெளிப்படுத்தின விசேஷம் 12:10 அவனை இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன் என்கிறது. விசுவாசிக்கு எதிராக அவன் அதிகம் கையில் எடுப்பது பொய்யும் குற்றச்சாட்டும்தான் என்பது இந்தப் பெயர்களிலேயே தெரிகிறது.

பரிசுத்த ஆவியானவர் பாவத்தை உணர்த்துவதும் சாத்தான் குற்றஞ்சாட்டுவதும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே வலிக்கும், அதனால் இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். ஆவியானவர் உணர்த்தும்போது காரியம் குறிப்பாக இருக்கும்: இன்னாரிடம் இந்தப் பொய்யைச் சொன்னாய், போய்ச் சரிசெய். அடுத்து செய்ய வேண்டியதும் அதிலேயே இருக்கும். அதைச் செய்தால் மனம் இலகுவாகும். குற்றச்சாட்டு பொதுவாக, மூடுபனிபோல வரும்: நீ எப்போதுமே இப்படித்தான், உனக்கு விமோசனமே இல்லை. அறிக்கையிட்ட பாவத்தையே மறுபடி மறுபடி தோண்டிக்கொண்டுவரும். கடைசியில் தேவனிடமிருந்து ஓடவைக்கும். 2 கொரிந்தியர் 7:10 தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் இப்படித்தான் பிரிக்கிறது: ஒன்று மனந்திரும்புதலில் முடிகிறது, மற்றது மரணத்தில். சகரியா 3-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான், சாத்தான் அவனுடைய வலதுபக்கத்தில் நிற்கிறான். வஸ்திரம் அழுக்காக இருப்பது உண்மைதான். அந்தக் குற்றச்சாட்டில் பொய்யே இல்லை. யோசுவா தனக்காக ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. கர்த்தரே சாத்தானைக் கடிந்துகொண்டு, அழுக்கு வஸ்திரத்தைக் களைந்து வேறு வஸ்திரம் உடுத்துவிக்கிறார். நான் நல்லவன் என்று நிரூபிக்க முயன்று முயன்றுதான் களைத்துப்போயிருந்தேன். அந்த வழக்கை நான் நடத்தவே வேண்டியதில்லை என்று தெரிந்த நாளில் அழுதுவிட்டேன்.

இரண்டாவது கட்டத்தில் எல்லாவற்றுக்கும் பிசாசைக் காரணமாக்க ஆரம்பித்தேன். தலைவலி, வாக்குவாதம், வேலையில் தவறு, எல்லாமே தாக்குதல். இது பக்திபோலத் தெரிந்தாலும் பெரிய ஆபத்து, ஏனென்றால் என் பொறுப்பில் இருந்தவற்றை நான் பார்க்கவே இல்லை. எபேசியர் 2:2-3 மூன்று எதிரிகளைச் சேர்த்தே சொல்கிறது: இவ்வுலக வழக்கம், மாம்சத்தின் (நம் பாவ சுபாவத்தின்) இச்சை, ஆகாயத்து அதிகாரப் பிரபுவாகிய பிசாசு. மாம்சத்தை எதிர்க்கும் விதம் வேறு, பிசாசை எதிர்க்கும் விதம் வேறு. இச்சையைச் சிலுவையில் அறைய வேண்டும், அதைத் துரத்த முடியாது. யாக்கோபு 1:14 அவனவன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டுச் சிக்குண்டு சோதிக்கப்படுகிறான் என்கிறது. அந்த வசனத்தில் பிசாசின் பெயரே இல்லை. கோபக்காரன் தன் கோபத்தைப் பிசாசு என்று சொல்லிவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு வராது. அதைத்தான் நான் செய்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன்.

சரீரத்தையும் மனநோயையும்கூட இதே தராசில்தான் வைத்தேன். மத்தேயு 4:24-ல் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் பிணியாளிகள், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு உள்ளவர்கள்), திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. எல்லா நோயும் பிசாசு என்று சுவிசேஷம் சொல்லவில்லை. 1 இராஜாக்கள் 19-ல் எலியா ஒரு சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் அவன்மேலிருந்த எந்த ஆவியையும் துரத்தவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், இரண்டாம்முறையும் சாப்பிடச் சொன்னான். பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்கா வைத்தியன். ஆகவே உறக்கமின்மை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலோ, படபடப்பு அடிக்கடி வந்தாலோ, குரல்கள் கேட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், காலையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். விசுவாசத்தின் பேரில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் திரும்பப் போகாதீர்கள். நோயாளியை அடிப்பதும் கட்டிவைப்பதும் பட்டினி போடுவதும் இயேசு ஒருமுறையும் செய்யாதவை.

இதற்கு எனக்கு உதவிய ஒரு சின்னப் பழக்கம்: ஒரு நோட்டில் தினமும் நாலு வரி. எத்தனை மணி நேரம் தூங்கினேன், நேரத்துக்குச் சாப்பிட்டேனா, யாரோடாவது மனஸ்தாபம் இருக்கிறதா, எந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று வாரம் எழுதினாலே எது களைப்பு, எது பாவம், எது பொய் என்று பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். தூங்காத இரவுக்கு மறுநாளில்தான் அந்தக் குற்றச்சாட்டுகள் கனமாக வந்தன என்பது எனக்கு அந்த நோட்டில்தான் புலப்பட்டது.

மூன்றாவது கட்டத்தில் பணம் போனது. யாரும் துப்பாக்கி காட்டிப் பிடுங்கவில்லை, பயத்தில் நானே கொடுத்தேன். உன் முன்னோரின் சாபம் உன்மேல் இருக்கிறது, அதை முறிக்க இத்தனை நாள் விசேஷ ஜெபம், அதற்கு ஒரு காணிக்கை என்றார்கள் ஜெபித்துக் கொடுக்கிறவர்கள். கொடுத்தேன். பிறகு இன்னொரு கட்டு இருக்கிறது என்றார்கள். திரும்பவும் கொடுத்தேன். போன பணத்தைவிட, ஒவ்வொரு முறையும் பயம் கூடிக்கொண்டே போனதுதான் பெரிய நஷ்டம். வேதம் இதில் தெளிவாக இருக்கிறது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று மத்தேயு 10:8-ல் இயேசு சொன்னது பிசாசுகளைத் துரத்தும் அதிகாரத்தையும் சேர்த்துத்தான். அதே வசனத்தில் அது இருக்கிறது. ஆவியின் வல்லமைக்குப் பணம் நீட்டிய சீமோனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்று அப்போஸ்தலர் 8-ல் வாசியுங்கள். சாபத்தைப் பொறுத்தவரை கலாத்தியர் 3:13 கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்துக்கு நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார் என்கிறது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது என்பது நீதிமொழிகள் 26:2. குடும்பத்தில் குடியோ வன்முறையோ தலைமுறையாகத் தொடர்வது உண்மைதான், அந்தப் பழக்கங்கள் நம்மையும் இழுக்கும். அதை மனந்திரும்புதலும் புதிய பழக்கமும் மாற்றும். தவணைமுறையில் முறிக்கும் சடங்கு மாற்றாது. ஒருவர் தன்னைவிட்டால் உனக்கு விடுதலை இல்லை என்று சொன்னால், உன் சபையிடம் சொல்லாதே என்று சொன்னால், விடுதலைக்கு முன்பே தொகை பேசினால், எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது கட்டம் சத்தம். இரவெல்லாம் பிசாசின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். ஜெபம் என்று நினைத்த நேரத்தில் பாதிக்குமேல் நான் தேவனிடம் பேசவே இல்லை, பிசாசிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். யூதா நிருபத்தின் 9-ம் வசனத்தில் பிரதான தூதனாகிய மிகாவேலே தானாகத் தூஷித்துத் தீர்ப்புச் சொல்லத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான். தானியேல் 10-ல் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றதை வைத்து நாட்டு ஆவி, ஊர் ஆவி என்று வரைபடம் போடுகிறவர்கள் உண்டு. அந்த அதிகாரத்தை மெதுவாக வாசித்தால், தானியேல் அந்த அதிபதியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது தெரியும். அப்படி ஒரு எதிர்ப்பு நடந்ததே தூதன் வந்து சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. அந்த மூன்று வாரமும் அவன் செய்தது தேவனை நோக்கித் துக்கித்து உபவாசித்ததுதான். யோபு முதல் அதிகாரத்தில் சாத்தான் அனுமதி பெற்றுத்தான் அசைகிறான். எல்லையைத் தேவன் போடுகிறார். இயேசுவின் நாமத்தினால் எதிர்ப்பது வேதத்தில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அப்போஸ்தலர் 16-ல் பவுல் ஒரே வாக்கியத்தில் கட்டளையிட்டார், அந்நேரமே ஆவி புறப்பட்டது. அதே நாமத்தை மந்திரம்போல உச்சரித்த ஸ்கேவாவின் ஏழு குமாரர் அப்போஸ்தலர் 19-ல் ஆவி பிடித்தவனிடம் அடிபட்டு ஓடியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்தத்தின் அளவும் வாசகத்தின் அழகும் அவர்களுக்கு உதவவில்லை, ஏனென்றால் அந்த நாமத்துக்குரியவரை அவர்கள் அறியவில்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் எபேசியர் 6:10-18-ஐ ஒரே இடத்தில் உட்கார்ந்து பத்து முறை வாசித்தேன். எந்த வினைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால், நில்லுங்கள் என்பதுதான். 11-ம் வசனத்தில் எதிர்த்து நிற்க, 13-ல் சகலத்தையும் செய்துமுடித்தவர்களாய் நிற்க, 14-ல் நில்லுங்கள். ஓடிப்போய் எதிரியின் இடத்தைப் பிடி என்று இந்தப் பகுதியில் எங்கும் இல்லை. காரணம் கொலோசெயர் 2:15-ல் இருக்கிறது: துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்னும் தீய ஆவிக்குரிய வல்லமைகளின்மேல் கிறிஸ்து சிலுவையிலே வெற்றிசிறந்தார். ஜெயித்த நிலத்தில் நம்மை நிறுத்தியிருக்கிறார். அதைவிட்டு நகராமல் இருப்பதுதான் நம் வேலை. இதைப் பவுல் எழுதும்போது சங்கிலியில் இருந்தார் என்பதை 20-ம் வசனம் சொல்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்தால்தான் வெற்றி என்று அவர் எழுதவில்லை.

அதே பகுதியில் பவுல் சொல்லும் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது முழுப் போர்க்கவசத்தை, காலையில் ஒவ்வொன்றாகக் கையசைத்து உடுத்துவதுபோல ஜெபிக்கிறவர்கள் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் அது என்னவென்று தெரியாமல் செய்தால் சடங்காகிவிடும். இந்தக் கவசம் முதலில் தேவனுடையது. ஏசாயா 59:17-ல் கர்த்தர்தாமே நீதியை மார்க்கவசமாக அணிந்து இரட்சிப்பென்னும் சீராவை (தலைக்கவசத்தை) தரித்துக்கொள்கிறார். அவருடையதை நமக்குத் தருகிறார். சத்தியம் என்னும் கச்சை அரையில் கட்டுவது, மற்றவையெல்லாம் நிலைத்து நிற்க. நடைமுறையில் இது ஒளிவுமறைவில்லாத வாழ்க்கை. யாருக்கும் தெரியாத ஒரு ரகசியப் பாவத்தை வைத்துக்கொண்டு கச்சை கட்ட முடியாது. நீதியென்னும் மார்க்கவசம் இருதயத்தை மூடுவது. குற்றச்சாட்டு தைப்பது அங்கேதான். என் நீதியை அணிந்தால் அதில் ஓட்டை இருக்கும், கிறிஸ்துவின் நீதியைத்தான் அணிய வேண்டும். பாதரட்சை சமாதானத்தின் சுவிசேஷம்: தேவனோடு சமாதானம் ஆகிவிட்டது என்ற உறுதி இருந்தால் வழுக்கும் இடத்திலும் கால் ஊன்றும். தலைச்சீரா இரட்சணியம், 1 தெசலோனிக்கேயர் 5:8 அதை இரட்சிப்பின் நம்பிக்கை என்கிறது, அதாவது முடிவு என்னவென்று தெரிந்த தலை.

விசுவாசமென்னும் கேடகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். இங்கே பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமப் போர்வீரன் பிடித்த, ஆளையே மறைக்கும் நீண்ட கேடகம் அது. வீரர்கள் தோளோடு தோள் நின்று கேடகங்களைச் சேர்த்துப் பிடித்தால் சுவர்போல ஆகும். தனியே நிற்கிறவனுக்கு விலாவும் முதுகும் திறந்தே கிடக்கும். அந்தப் பகுதி முழுவதும் நில்லுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள் என்று பன்மையில்தான் இருக்கிறது, அதுவும் ஒரு சபைக்கு எழுதிய நிருபத்தில். 11 மாதம் நான் தனியாக இருந்ததுதான் இதிலேயே பெரிய தவறு. வெளியே சொன்னால் என்னை விசுவாசம் இல்லாதவன் என்பார்களோ என்ற வெட்கம்தான் என்னைப் பூட்டிவைத்தது.

தேவவசனமாகிய பட்டயத்தை எப்படிப் பிடிப்பது என்பதை மத்தேயு 4 காட்டுகிறது. இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார்: 8:3, 6:16, 6:13. மூன்றுமே வனாந்தர நாட்களை நினைவூட்டி மோசே இஸ்ரவேலரிடம் பேசிய பகுதி. அவரும் வனாந்தரத்தில்தான் இருந்தார். சோதனைக்குப் பொருந்திய வசனத்தை எடுத்தார். பிசாசும் சங்கீதம் 91-ஐ மேற்கோள் காட்டினான், ஆனால் "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டான். வசனம் சொல்கிறவரெல்லாம் சரியானவர் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதை இப்படிப் பழகலாம்: நோட்டில் திரும்பத் திரும்ப வரும் எண்ணத்தை எடுத்து, அது சொல்லும் பொய்யை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "தேவன் என்னைக் கைவிட்டார்" என்று இருக்கலாம். அதற்கு நேராக ஒரு வசனம், ஒன்றே ஒன்று: எபிரெயர் 13:5. அந்த வசனத்தின் முன்னும் பின்னும் வாசித்து, பொருள் சரிதானா என்று பாருங்கள். மனப்பாடம் செய்யுங்கள். எண்ணம் வரும்போது வாய்விட்டு, சாதாரணக் குரலில் சொல்லுங்கள், உடனே அதையே ஜெபமாக்கித் தேவனிடம் திரும்புங்கள். ஒரு பொய்க்கு ஒரு வாரமாவது கொடுங்கள். ஒரே நாளில் முப்பது வசனம் எழுதி ஒட்டியபோது எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

இடங்கொடுப்பது என்று ஒரு காரியம் இருக்கிறது. எபேசியர் 4:26-27-ல் சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்று சொன்ன கையோடு, பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள் என்கிறார். மாந்திரீகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்த எச்சரிக்கை வரவில்லை, ஆறாத கோபத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் வருகிறது. 2 கொரிந்தியர் 2:10-11-லும் மன்னிப்பதைப் பற்றிப் பேசும்போதுதான் சாத்தானுடைய தந்திரங்கள் நமக்குத் தெரியாதவைகள் அல்ல என்கிறார். மன்னிக்க வேண்டியவர்களின் பெயரை எழுதி, என்ன செய்தார்கள் என்பதைத் தேவனிடம் மழுப்பாமல் சொல்லி, அந்தக் கடனை அவர் கையில் விட்டுவிடுங்கள். உணர்ச்சி பிறகு வரும், சில சமயம் நாளாகும். மன்னிப்பது என்றால் அடிக்கிறவரிடம் திரும்பப் போய் நிற்பது என்று பொருளில்லை. குறி கேட்டது, மாந்திரீகம் போன்றவற்றில் கைவைத்திருந்தால் அதற்குரிய பொருள்களை அழித்துவிடுங்கள். அப்போஸ்தலர் 19-ல் எபேசு பட்டணத்தில் அப்படி எரித்த புஸ்தகங்களின் விலை 50,000 வெள்ளிக்காசு, அவர்கள் விற்கவில்லை, எரித்தார்கள். காலியாகப் பெருக்கி வைத்த வீட்டுக்கு அசுத்த ஆவி ஏழு பேரோடு திரும்பிய உவமையை மத்தேயு 12-ல் இயேசு சொன்னதையும் மறக்காதீர்கள். விட்ட பழக்கத்தின் நேரத்தை வேறொன்றால் நிரப்பாவிட்டால் அது காத்திருக்கும்.

யாக்கோபு 4:7-ஐப் பாதியாகப் பிடித்துக்கொள்வது மிகச் சாதாரணமான தவறு. பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் ஓடிப்போவான் என்பது பிற்பாதி. தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள் என்பது முற்பாதி. 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது. இதற்காகச் சபையில் இரண்டு பேரைத் தேர்ந்துகொள்ளுங்கள்: வாயடக்கம் உள்ளவர்கள், உங்களைவிட வேதத்தில் ஊறியவர்கள், உங்கள் பயத்தைப் பார்த்துப் பயப்படாதவர்கள். கூடுமானால் உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவர்கள். எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், தீங்குநாளில் யோசிக்கத் தெம்பு இருக்காது. நான் ஒரு சபை மூப்பரிடம் வாய் திறந்தபோது அவர் 20 நிமிஷம் ஒன்றும் சொல்லாமல் கேட்டார். பிறகு லூக்கா 22:31-32-ஐ வாசித்தார். கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டான் என்று பேதுருவிடம் சொன்ன இயேசு, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றும் சொன்னார். பேதுரு அன்று இரவே மூன்று முறை மறுதலித்தான், ஆனால் விசுவாசம் ஒழியவில்லை.

எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை, நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை. பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அவரை வாட்டிய, "மாம்சத்தில் ஒரு முள்" என்று அவர் சொன்ன பாடு எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. லூக்கா 4:13-ல் பிசாசு இயேசுவைவிட்டு விலகிப்போனது சிலகாலந்தான். அந்தச் சிலகாலத்தில்தான் தூக்கத்தைச் சீராக்க வேண்டும், வசனங்களை மனதில் ஏற்ற வேண்டும், அந்த இரண்டு பேரோடு சும்மாவாவது வாரம் ஒருமுறை பேச வேண்டும். என் நோட்டு இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. நேற்று இரவு எழுதியது: தூக்கம் 7 மணி நேரம், சாப்பாடு நேரத்துக்கு, மனஸ்தாபம் ஒன்று இருக்கிறது, இன்று மாலைக்குள் பேச வேண்டும்.